எத்தனை கிலோமீட்டர் தெரியும்? – குறைந்த விலையில் பைனாகுலர் வாங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

கழுத்தில் பைனாகுலர் தொங்க ஏரிக்கரையில் நிற்பவரிடம் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "இதுல எத்தனை கிலோமீட்டர் தெரியும்?" கேட்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்பவர்களே அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். மலிவான 20×50 பைனாகுலர்கள் பலவற்றின் மேல் '56 மீ / 1000 மீ' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். கடைக்காரர் அந்த ஆயிரத்தைத் தொட்டுக் காட்டி, "ஒரு கிலோமீட்டர் வரைக்கும் கிளியரா தெரியும் சார்" என்பார். அந்த எழுத்துக்குப் பொருள் வேறு. ஆயிரம் மீட்டர் தள்ளியிருக்கும் காட்சியில், இடமிருந்து வலமாக 56 மீட்டர் அகலம் மட்டும்தான் இந்தக் கருவிக்குள் அடங்கும் என்று அது சொல்கிறது. 56 என்பது மிகக் குறுகலான பார்வை. கருவியின் குறையே அதன் சிறப்பாகச் சொல்லி விற்கப்படுகிறது.

பைனாகுலருக்குத் தூர எல்லை என்று ஒன்று கிடையாது. வெறும் கண்ணுக்கே 3,84,000 கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலா தெரிகிறதே! கேட்க வேண்டியது, ஒரு பொருள் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதை. இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். அது எப்படி என்று புரிந்துவிட்டால், பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே வருடக்கணக்கில் உழைக்கும் நல்ல பைனாகுலரை வாங்கிவிடலாம். புரியாவிட்டால் அதே பணத்தில் அலமாரியில் தூங்கப்போகும் ஒன்றைத்தான் வாங்குவோம்.

தொடங்கும் முன் ஒன்று. பைனாகுலர் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் நிறைய அமெரிக்க, ஐரோப்பிய வேட்டைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. நம் ஊரில் பைனாகுலர் வாங்குபவர் பெரும்பாலும் பறவை பார்ப்பவர்தான். ஆனால் கருவி இருவருக்கும் ஒன்றே. மானும் காட்டுப்பன்றியும் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும், பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அப்போதுதான். ஆகவே மங்கலான வெளிச்சத்தில் எது உதவும் என்று வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுகொண்டது நமக்கும் பொருந்தும்.

முதல் எண்: 8

பைனாகுலரின் மேல் 8×42 என்று எழுதியிருந்தால், முதல் எண் உருப்பெருக்கம். அதாவது பொருளை எத்தனை மடங்கு பக்கத்தில் கொண்டுவந்து காட்டும் என்பது. 80 மீட்டர் தள்ளி மரத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி, 8 மடங்கு பைனாகுலரில் 10 மீட்டர் தள்ளி இருப்பதுபோலத் தெரியும். 10 மடங்கில் பார்த்தால் 8 மீட்டர் தள்ளி இருப்பதுபோல. 8-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு மீட்டர்தான்.

பத்து நல்லது, இருபது இன்னும் நல்லது என்று மனசு கணக்குப் போடும். ஆனால் உருப்பெருக்கம் பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை, உங்கள் கையின் நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்குகிறது. யாருடைய கையும் முழுக்க நிலையாக இருக்காது. மூச்சு விடுவதும் இதயம் துடிப்பதும்கூடக் கருவியை ஆட்டும். 8 மடங்கில் அந்த ஆட்டத்தை மூளை சமாளித்துவிடுகிறது. 10 மடங்கில் கொஞ்சம் பழக்கம் வேண்டும். 12-ஐத் தாண்டினால் பெரும்பாலானவர்களுக்கு முக்காலி (கருவியைப் பொருத்தி நிறுத்தும் டிரைபாட்) இல்லாமல் இறகின் கோடுகள் தெரியாது. படம் பெரிதாக இருக்கும், ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுகிற பெரிய படத்தைவிட நிற்கிற சிறிய படத்தில்தான் அதிக விவரம் கிடைக்கிறது.

இரண்டாவது இழப்பு பார்வைப் பரப்பு. ஒரே நேரத்தில் கருவிக்குள் அடங்கும் காட்சியின் அகலம்தான் அது. நல்ல 8×42 பைனாகுலர்களில் ஆயிரம் மீட்டர் தூரத்தில் 110 முதல் 140 மீட்டர் வரை அடங்கும். மேலே சொன்ன 20×50-இல் அது 56. அகலத்தில் பாதிதானே என்று தோன்றும். ஆனால் காட்சி வட்டமானது; 130-ஐ 56-ஓடு ஒப்பிட்டால் பரப்பு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆலமரத்தின் இலைகளுக்குள் கூவும் குக்குறுவானைத் தேடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்த பறவை, பைனாகுலரை எடுத்ததும் காணாமல் போகும். எங்கு பார்த்தாலும் இலை. புதிதாகத் தொடங்குபவர்கள் 'எனக்கு இது வராது' என்று விட்டுவிடுவதற்கு முக்கியக் காரணம் இந்தக் குறுகல்தான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது எண்: 42

அடுத்த எண், முன்பக்கத்துப் பெரிய லென்ஸின் குறுக்களவு, மில்லிமீட்டரில். பறவையை நோக்கி இருக்கும் இந்த லென்ஸுக்கு முகப்பு லென்ஸ் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வெளிச்சம் உள்ளே வரும் வாசல் இதுதான்.

இரண்டு எண்களுக்கும் உள்ள உறவைத் தோசைக்கல்லில் பார்த்துவிடலாம். கரண்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு மாவு கல்லில் விழும். விழுந்த மாவை எவ்வளவு அகலமாக இழுக்கிறோமோ அவ்வளவு பெரிய தோசை. ஆனால் அதே ஒரு கரண்டி மாவை அகலமாக இழுக்க இழுக்கத் தோசை மெலிந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஓட்டை விழும். முகப்பு லென்ஸ்தான் கரண்டி, வெளிச்சம்தான் மாவு, உருப்பெருக்கம்தான் இழுப்பது. படம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்பது தோசையின் தடிமன்.

இப்போது எண்களை வைத்துப் பார்க்கலாம். லென்ஸ் பிடிக்கும் வெளிச்சம் அதன் பரப்பைப் பொறுத்தது. 50 மி.மீ. லென்ஸ், 42 மி.மீ. லென்ஸைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு வெளிச்சம் பிடிக்கும். ஆனால் 20 மடங்கு உருப்பெருக்கம் அந்த வெளிச்சத்தை, 8 மடங்கு பரப்புவதைப் போல ஆறேகால் மடங்கு பரப்பில் இழுத்துவிடுகிறது. மங்கலான நேரத்தில் 20×50 காட்டும் படம், 8×42 காட்டும் படத்தின் கால்வாசி வெளிச்சம்கூட இல்லாமல் இருப்பது இதனால்தான். பெட்டியில் இருக்கும் எண்கள் பெரிதாக இருக்கும். கண்ணுக்கு வருவது இருட்டு.

இதுவரை பார்த்தது: முதல் எண் கூடினால் படம் பெரிதாகும். கூடவே ஆட்டம் கூடும், அகலம் குறையும், வெளிச்சம் மெலியும். இரண்டாவது எண் கூடினால் வெளிச்சம் கூடும், எடையும் கூடும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

வகுத்தால் வரும் எண்

42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. இது வெறும் கணக்கு இல்லை, கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று. பைனாகுலரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, வெளுத்த வானத்தையோ வெயில் படும் வெள்ளைச் சுவரையோ நோக்கித் திருப்புங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் வேண்டாம். ஒரு நொடி போதும், பார்வை போய்விடும். கண் வைக்கும் பக்கத்து லென்ஸ்களில் பளிச்சென்று இரண்டு சிறு வட்டங்கள் மிதப்பது தெரியும். முகப்பு லென்ஸ் பிடித்த வெளிச்சமெல்லாம் திரண்டு வெளிவரும் இடம் அது. அதன் குறுக்களவுதான் 5.25 மில்லிமீட்டர். இதை ஒளிவட்டம் என்று அழைப்போம்.

இந்த வட்டத்து வெளிச்சம் போய்ச் சேர வேண்டியது உங்கள் கண்மணிக்குள். கண்மணி என்பது கருவிழியின் நடுவிலுள்ள துவாரம். நல்ல வெயிலில் அது 2 முதல் 3 மி.மீ. வரை சுருங்கிவிடும். அந்தி சாயும்போது 5 மி.மீ. வரை விரியும். கும்மிருட்டில் இளைஞர்களுக்கு 7 மி.மீ. வரைகூடப் போகும், வயது ஏற ஏற அந்த விரிவு குறைந்துவிடும். ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு 5 மி.மீ.-க்கு மேல் விரிவதில்லை.

ஒளிவட்டம் கண்மணியைவிடச் சிறியதாக இருந்தால், கண் கேட்கும் வெளிச்சத்தைக் கருவியால் கொடுக்க முடியாது. படம் மங்கும். ஒளிவட்டம் பெரியதாக இருந்தால் மிச்ச வெளிச்சம் கருவிழியின் மேல் பட்டு வீணாகும். ஆனாலும் அதில் ஒரு வசதி உண்டு: கண்ணைக் கொஞ்சம் தப்பி வைத்தாலும் படம் கருக்காது. படகில் இருந்து பார்க்கும்போதும் குழந்தைகள் பார்க்கும்போதும் இது பெரிய உதவி.

சில அளவுகளுக்கு வகுத்துப் பார்க்கலாம். 8×25 என்றால் 3.1. 10×25 என்றால் 2.5. 8×32-க்கு 4. 10×42-க்கு 4.2. 10×50-க்கு 5. 20×50-க்கு மறுபடி 2.5.

கடையில் நாம் ஏமாறுவதும் இங்கேதான். பைனாகுலர் வாங்கப் போவது பட்டப்பகலில். கடை வாசலில் நின்று எதிர்க்கட்டடத்தின் விளம்பரப் பலகையைப் பார்க்கிறோம். அப்போது நம் கண்மணி 2.5 மி.மீ. தான். 10×25-உம் 8×42-உம் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும். சிறியது சட்டைப்பையில் வேறு போகிறது, விலையும் குறைவு. அதையே வாங்கி வந்துவிடுவோம். அப்புறம் மாலை ஆறு மணிக்கு வேடந்தாங்கலில், இரை தேடிப் போன பறவைகளெல்லாம் கூட்டம் கூட்டமாக நீர்க்கடம்ப மரங்களுக்குத் திரும்பும் நேரத்தில் அதைக் கண்ணில் வைத்தால், வந்து இறங்குவது நத்தைகுத்தி நாரையா, கரண்டிவாயனா என்று அலகைப் பார்த்துச் சொல்ல முடியாமல் கருநிழலாகத் தெரியும். பக்கத்தில் 8×42 வைத்திருப்பவர் இன்னும் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

வேட்டைக்காரர்கள் என்ன வைத்திருக்கிறார்கள்?

இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால், நாட்டுக்கு நாடு வேறு வேறு பைனாகுலர் ஏன் பிடிக்கிறது என்பதும் புரிந்துவிடும். ஜெர்மனியில் மரத்தாலான உயரப் பரணில் இரவில் உட்கார்ந்து, நிலா வெளிச்சத்தில் காட்டுப்பன்றிக்குக் காத்திருக்கும் வழக்கம் உண்டு. அவர்கள் விரும்புவது 8×56. வகுத்தால் 7, அதாவது இருட்டில் முழுதாக விரிந்த கண்மணியின் அளவு. ஒரு கிலோவுக்கு மேல் எடை இருந்தாலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் பாரம் தெரியாது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நிலைமை வேறு. பரந்த பள்ளத்தாக்கின் ஒரு சரிவில் உட்கார்ந்துகொண்டு எதிர்ச் சரிவை மணிக்கணக்கில் துழாவுவார்கள். அவர்களுக்கு 10×42 வேண்டும். பொறுமையுள்ளவர்கள் முக்காலியில் 15×56 கூட வைத்துப் பார்ப்பார்கள்.

நம் ஊருக்கும் இதே தர்க்கம்தான். வால்பாறையின் மழைக்காட்டில், இலைக்கூரைக்குக் கீழே நண்பகலிலும் அந்தி வெளிச்சம்தான் இருக்கும். பறவையும் பக்கத்தில், பரபரவென்று நகர்ந்துகொண்டிருக்கும். அங்கே 8×42-ஐ மிஞ்ச எதுவும் இல்லை. கோடியக்கரையின் உப்பளப் பரப்பிலோ பள்ளிக்கரணைச் சதுப்பிலோ வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, பறவைகள் தள்ளி இருக்கும், தேடவும் வேண்டாம். பூநாரைகள் கண்ணெதிரே நிற்கும். அங்கே 10×42 கொஞ்சம் முந்தும். நீலகிரியில் எதிர்ப் பாறைச் சரிவில் வரையாடு தேடுவதற்கும் அப்படித்தான். ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள், எங்கெல்லாம் போவீர்கள் என்று இன்னும் தெரியாது என்றால், தயங்காமல் 8×42 வாங்குங்கள். கழுத்து எடை தாங்காது என்பவர்களுக்கு 8×32 நல்ல சமரசம்.

எண் ஒன்றாக இருந்தும் விலை ஏன் வேறு?

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கும் 8×42 இருக்கிறது, இரண்டு லட்சத்துக்கும் 8×42 இருக்கிறது. எண்கள் வாசலின் அளவை மட்டுமே சொல்கின்றன. உள்ளே நுழைந்த வெளிச்சத்துக்கு என்ன ஆகிறது என்பதற்குத்தான் பணம்.

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத வெளிச்சம் திரும்பிப் போய்விடும். ஜன்னல் கண்ணாடியில் நம் முகம் லேசாகத் தெரிகிறதே, அதுதான் அந்த 4 சதவீதம். ஒரு பைனாகுலரின் ஒரு குழாய்க்குள் வெளிச்சம் பத்துக்கும் மேற்பட்ட பரப்புகளைக் கடக்க வேண்டும். பத்து முறை நான்கு நான்கு சதவீதமாகப் போனால் கடைசியில் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். போனது போகட்டும் என்று விடவும் முடியாது. திரும்பிய வெளிச்சம் குழாய்க்குள்ளேயே அங்குமிங்கும் சிதறி, படத்தின் மேல் வெள்ளைத் திரை போட்டது போல் வெளிறச் செய்துவிடும்.

இதற்கு மருந்து 1935-இல் கிடைத்தது. ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தில் வேலை செய்த அலெக்சாண்டர் ஸ்மாக்குலா, கண்ணாடியின் மேல் மிக மெல்லிய படலம் ஒன்றைப் படியவைத்துப் பிரதிபலிப்பைக் குறைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இன்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பல படலங்கள் படியவைக்கிறார்கள். நல்ல பல்லடுக்குப் பூச்சு இருந்தால் ஒவ்வொரு பரப்பிலும் இழப்பு அரை சதவீத அளவுக்கு இறங்கிவிடும். பத்துப் பரப்புகளைக் கடந்தாலும் 95 சதவீதம் மிஞ்சும்.

பெட்டியில் இதை நான்கு விதமாக எழுதுவார்கள். 'கோட்டட்' என்றால் ஏதோ சில பரப்புகளில் ஒற்றைப் பூச்சு. 'ஃபுல்லி கோட்டட்' என்றால் எல்லாப் பரப்புகளிலும் ஒற்றைப் பூச்சு. 'மல்டி கோட்டட்' என்றால் சில பரப்புகளில் மட்டும் பல்லடுக்கு. 'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்றால் எல்லாவற்றிலும் பல்லடுக்கு. கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு வேண்டியது, அது இப்போது எட்டாத விலையிலும் இல்லை. கையில் இருக்கும்போது சோதிக்க எளிய வழி, டியூப்லைட்டின் பிரதிபலிப்பை முகப்பு லென்ஸில் பார்ப்பது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல பிம்பங்கள் தெரியும். எல்லாமே மங்கலான பச்சை, ஊதா நிறங்களில் இருந்தால் நல்லது. நடுவில் ஒன்றிரண்டு பளிச்சென்று வெள்ளையாக இருந்தால், உள்ளே பூச்சே இல்லாத பரப்பு ஒளிந்திருக்கிறது.

ரத்தச் சிவப்பாக மின்னும் லென்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். 'இரவிலும் தெரியும்' என்றுகூட விற்பார்கள். சிவப்பாக மின்னுகிறது என்றால் சிவப்பு வெளிச்சத்தை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகிறது என்றுதான் பொருள். செம்மீசைச் சின்னானின் மீசையில் உயிர் இருக்காது. சதுப்பு நிலத்தில் பவளக்காலியையும் பச்சைக்காலியையும் முதலில் பிரித்துச் சொல்வது கால் நிறத்தை வைத்துத்தான்; அந்தச் சிவப்பையே வாசலில் நிறுத்திவிடும் கருவியால் என்ன பயன்? சிவப்பு லென்ஸைக் கண்டால் விலை கேட்காமலே நகர்ந்துவிடுங்கள்.

உள்ளே இருக்கும் ப்ரிஸம்

லென்ஸ்கள் மட்டும் இருந்தால் படம் தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்துவது ப்ரிஸம் எனப்படும் பட்டகக் கண்ணாடி. அது வெளிச்சத்தை மடக்கித் திருப்பி அனுப்புவதால் குழாயின் நீளமும் குறைகிறது. இந்த வேலையைச் செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் வெளியில் இருந்தே அடையாளம் காணலாம்.

முன் லென்ஸ்கள் அகன்றும் கண் லென்ஸ்கள் நெருங்கியும், தோள் வைத்ததுபோல் இருப்பது போரோ வகை. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. 1894-இல் ஜைஸ் நிறுவனம் இதை வைத்துப் பைனாகுலர் செய்து விற்கத் தொடங்கியது. இரண்டு குழாய்களும் நேராக, ஒல்லியாக இருப்பது ரூஃப் வகை. கையில் பிடிக்க வாகானது, தண்ணீர் புகாமல் அடைப்பதும் எளிது.

ஆனால் ரூஃப் வகையைச் செய்வது சிரமமான வேலை. அந்தப் ப்ரிஸத்தில் வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. சேரும்போது அலைகள் சற்றே பிசகிவிடுவதால் படத்தின் கூர்மை குறையும். அந்தப் பிசகைச் சரிசெய்ய ப்ரிஸத்தின் மேல் போடும் சிறப்புப் பூச்சுக்கு ஃபேஸ் கோட்டிங் என்று பெயர். 1988-இல் வந்தது. அது இல்லாத ரூஃப் பைனாகுலரில் படம் ஏனோ கொஞ்சம் மொழுக்கென்று இருக்கும். போரோவுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. ஆகவே கையிருப்பு குறைவாக இருந்தால் அதே விலையில் போரோ கூர்மையான படம் தரும். பார்க்கப் பழைய காலத்துக் கருவிபோல இருக்கிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒதுக்கக் காரணம் ஒன்று உண்டென்றால், அது நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதம். குறைந்த விலைப் போரோக்களில் பெரும்பாலானவை காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டவை அல்ல. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் மழைக்காலத்தில் பீரோவுக்குள் வைத்த பைனாகுலரின் உள் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். 'நைட்ரஜன் நிரப்பியது' என்று எழுதியிருந்தால் உள்ளே உலர்ந்த வாயுவை அடைத்து மூடியிருக்கிறார்கள் என்று பொருள்; அதில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். மழைக்காட்டுக்கு அடிக்கடி போகிறவர் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து அப்படி ஒன்றை வாங்குவதே நல்லது.

ப்ரிஸக் கண்ணாடியின் தரத்தைச் சொல்ல 'பேக்-4' என்றும் 'பிகே-7' என்றும் எழுதியிருப்பார்கள். போரோவில் பேக்-4 மேல். முன்பு சொன்ன ஒளிவட்டத்தை மறுபடி பாருங்கள். முழு வட்டமாக, ஓரம் வரை ஒரே வெளிச்சமாக இருந்தால் ப்ரிஸம் நல்லது. ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல், சாம்பல் நிழலோடு தெரிந்தால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.

சுருக்கமாக: ஃபுல்லி மல்டி கோட்டட் பூச்சு வேண்டும். போரோ என்றால் பேக்-4 இருக்கிறதா என்று பாருங்கள். ரூஃப் என்றால் ஃபேஸ் கோட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். ஈரமான ஊர் என்றால் நைட்ரஜன்.

எழுதியிருக்கும் எண் உண்மையா?

இணையக் கடைகளில் '30×60' என்றும் '180×100' என்றும் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு மடிப்புப் பைனாகுலருக்கு 60 மி.மீ. லென்ஸ் எப்படி இருக்க முடியும்? ஸ்கேலை எடுத்து முகப்பு லென்ஸின் குறுக்களவை அளந்தாலே பொய் வெளியே வந்துவிடும். 100 என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு கண்ணாடியும் 10 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும்.

உருப்பெருக்கத்தையும் சோதிக்கலாம். பைனாகுலரை ஜன்னல் பக்கம் நோக்கி வைத்து, கண் லென்ஸுக்குப் பின்னால் ஒரு டிரேசிங் காகிதத்தைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒளிவட்டம் கூர்மையாக விழும் இடத்தில் அதை அளங்கள். முகப்பு லென்ஸின் அளவை இந்த அளவால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். 10×50 என்று எழுதிய கருவியில் வட்டம் 5 மி.மீ. இருக்க வேண்டும். 3 மி.மீ. தான் இருக்கிறது என்றால், ஒன்று உருப்பெருக்கம் பொய், அல்லது குழாய்க்குள் ஏதோ ஒரு வளையம் லென்ஸின் ஓரத்து வெளிச்சத்தை மறைக்கிறது.

ஜூம் பைனாகுலர்களை, நல்ல நிறுவனத்தின் பெயர் இருந்தாலும்கூட, தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். இரண்டு குழாய்களும் ஒரே அளவில் ஏறி இறங்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கண் வலிக்கும். பார்வைப் பரப்பும் குறுகலாகவே இருக்கும். குவியம் (ஃபோகஸ்) சரிசெய்யவே தேவையில்லை என்று விற்கப்படும் பைனாகுலர்களும் பறவை பார்க்க உதவாது. பக்கத்துக் கிளையில் இருப்பது தெளியவே தெளியாது.

சரி, எதை வாங்குவது? ஏழெட்டாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய் வரை வைத்துக்கொண்டால் தேர்வுக்கு இடம் இருக்கிறது. போரோ வகையில் நிகான் அக்குலான் ஏ211 8×42, ரூஃப் வகையில் செலஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ் 8×42 ஆகிய இரண்டும் இந்த எல்லைக்குள் பலரும் வாங்கிப் பயன்படுத்துபவை. முன்னதில் பேக்-4 ப்ரிஸமும் பல்லடுக்குப் பூச்சும் உண்டு, தண்ணீர் ஆகாது. பின்னதில் ஃபேஸ் கோட்டிங்கும் நைட்ரஜனும் உண்டு. விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுவதால் ஒப்பிட்டு வாங்குங்கள். ஆயிரம், இரண்டாயிரத்துக்கு வாங்குவதைவிட இன்னும் சில மாதம் சேர்த்து இந்த வகையில் ஒன்றை வாங்குவது மேல். அதுவரை உங்கள் ஊர்ப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பறவை நடைகளுக்குப் போய் வாருங்கள். கேட்டால் கழற்றிக் கொடுத்துப் பார்க்கச் சொல்லாதவர்களை நான் பார்த்ததில்லை. நான்கைந்து வகைகளைக் கண்ணில் வைத்துப் பார்த்த பிறகு வாங்குவதற்கு ஈடு வேறில்லை.

மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு

கண் லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம் வரை கண்ணைத் தள்ளி வைத்தாலும் முழுப் படமும் தெரியுமோ, அந்தத் தூரத்தைக் கண் இடைவெளி எனலாம். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் அதன் தடிமன் காரணமாகக் கண் தள்ளித்தான் இருக்கும். ஆகவே இது குறைந்தது 15 மி.மீ. இருக்க வேண்டும், 17 இருந்தால் நிம்மதி. கண் லென்ஸைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை மடித்தோ திருகி இறக்கியோ பாருங்கள். அப்படியும் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தால் அது உங்களுக்கானது இல்லை. கண்ணாடி போடாதவர்கள் வளையத்தை முழுதாக ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கரு நிழல் மிதந்துகொண்டே இருக்கும்.

வாங்கி வந்ததும்

பைனாகுலர் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் வலப்பக்கக் கண் லென்ஸில் தனியாகச் சுழலும் வளையத்தைத் தொட்டதே இல்லை. அதற்கு டயாப்டர் என்று பெயர். நம் இரண்டு கண்களின் பார்வையும் பெரும்பாலும் சரிசமமாக இருக்காது. அந்த வித்தியாசத்தை ஈடுசெய்வது இதன் வேலை. சரிசெய்யாமல் பார்த்தால் எவ்வளவு நல்ல பைனாகுலரும் பாதித் தெளிவாகவே இருக்கும், தலையும் வலிக்கும்.

முதலில் இரண்டு குழாய்களையும் மடக்கியோ விரித்தோ, இரண்டு வட்டங்களும் சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். எழுத்துள்ள பலகை எதையாவது முப்பது நாற்பது மீட்டர் தள்ளித் தேர்ந்துகொள்ளுங்கள். வலப்பக்க முகப்பு லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு, இரண்டு கண்களையும் திறந்தபடியே, இரண்டு குழாய்களுக்கும் நடுவிலுள்ள குவியச் சக்கரத்தை, அதாவது நடுச்சக்கரத்தை, திருகி இடக்கண்ணுக்கு எழுத்தைக் கூர்மையாக்குங்கள். அப்புறம் இடப்பக்கத்தை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாமல், டயாப்டர் வளையத்தை மட்டும் திருகி வலக்கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். முடிந்தது. வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். வேறு யாராவது வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் வளையம் நகர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் படம் இரண்டாகத் தெரிந்தாலோ, ஐந்து நிமிடம் பார்த்ததும் கண்ணை யாரோ இழுப்பதுபோல் இருந்தாலோ, இரண்டு குழாய்களும் ஒரே திசையை நோக்கவில்லை என்று அர்த்தம். புதுக் கருவி என்றால் அன்றே கொண்டுபோய் மாற்றிவிடுங்கள். பழகினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

பறவையைப் பிடிப்பதற்கு ஒரு பழக்கம் உண்டு. பறவை மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கீழே குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு மறுபடி தேடினால் கிடைக்காது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் ஆட்டம் பாதியாகும். மரத்திலோ தூணிலோ சாய்ந்துகொண்டால் இன்னும் நல்லது.

லென்ஸில் தூசி இருந்தால் முதலில் ஊதும் பந்தால் ஊதி எடுங்கள், அல்லது மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். அதற்குப் பிறகுதான் லென்ஸ் துணி. மணல் துகள் இருக்கும்போது சட்டை நுனியால் துடைத்தால், காசு கொடுத்து வாங்கிய அந்தப் பூச்சையே கீறிவிடுவீர்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால் எப்போது மாற்ற வேண்டும் என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்து முகப்பு லென்ஸ் வழியே உள்ளே பாருங்கள். நூல்போலக் கிளைத்த வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. வீட்டில் திருகாணியைக் கழற்ற வேண்டாம். ப்ரிஸம் இம்மியளவு நகர்ந்தாலும் இரண்டு குழாய்களையும் மறுபடி நேர்ப்படுத்தக் கருவி வேண்டும். கேமரா லென்ஸ் பழுது பார்க்கும் கடைகளில் பைனாகுலரையும் எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் கண்ணாடியில் தழும்பு விழாமல் துடைத்துத் தருவார்கள்.